அளவு மாறாத மருந்து

இங்கிலீஷ் வகுப்பில் மரபுத்தொடர் நடத்துவதுதான் எனக்குப் பிடித்த வேலை. இலக்கணம் என்றதும் கொட்டாவி விடுகிறவர்கள்கூட இதற்கு நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் போர்டில் எழுதியிருந்தது 'எ டேஸ்ட் ஆஃப் யுவர் ஓன் மெடிசின்'. விசாரணைக்கு வந்தபோது நீங்கள் அதைப் போட்டோ எடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். 'உன் மருந்தை நீயே குடித்துப் பார்' என்பது நேர் அர்த்தம்; ஒருத்தர் நமக்குச் செய்ததை அதே மாதிரி அவருக்கே திருப்பிச் செய்வது என்று பொருள். நிஜ மருந்துக்கு இதைச் சொல்லக் கூடாது. ஆனால் மருந்து மாதிரியேதான் இதுவும்: அளவு கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு.

வகுப்பு முடிந்ததும் வழக்கம்போல அத்தான் வந்தார். அக்கா இறந்த இந்த ஏழு வருஷமும் வாரம் தவறாமல் வந்து, ஜன்னல்களைச் சாத்தி, பெஞ்சுகளை நேராக்கிவிட்டுப் போவார். மனசு உறுத்துகிறது, அதனால் வருகிறார் என்று நினைத்துக்கொள்வேன். அக்காவுக்கு நெஞ்சு வலித்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாமல் நாற்பது நிமிஷம் காக்க வைத்தவர் அவர். இழவு வீட்டில் அவர் வாயாலேயே சொன்னார்: "கொஞ்சம் பொறுத்துக்கோ, சரியாயிடும்னு நான்தான் சொன்னேன்." என்னை வளர்த்தவள் அக்கா. அந்த வார்த்தையை ஏழு வருஷம் மென்றுகொண்டிருந்தேன்.

மூன்றாவது ஜன்னலைச் சாத்தும்போது அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சரிந்தார். ஆம்புலன்சைக் கூப்பிடச் சொன்னார். தலைக்கு என் பையை வைத்தேன். சட்டைப் பொத்தானைத் தளர்த்திவிட்டேன்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க அத்தான், சரியாயிடும்" என்றேன். சுவர்க் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை. அதைத்தான் இப்போதும் என்னால் தாங்க முடியவில்லை.

"உங்கக்காதாம்மா சொன்னா," என்றார், மூச்சை இழுத்து இழுத்து. "தங்கச்சிக்கு இன்னிக்குப் பரீட்சை, முதல்ல கொண்டுபோய் விட்டுட்டு வாங்க, நான் பொறுத்துக்கறேன்னா. உனக்குத் தெரிய வேண்டாம்னுதான் பழிய நான் ஏத்துக்கிட்டேன்."

பரீட்சை எழுதிய இடத்துக்குப் போகவர நாற்பது நிமிஷம். அன்றைக்கு அத்தானுடைய ஸ்கூட்டரின் பின் சீட்டில் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டு போனவள் நான். இத்தனை வருஷத்தில் அந்தப் பயணத்தையும் அக்கா காத்திருந்த நாற்பது நிமிஷத்தையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

அழுதேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். போன் மடியில் இருந்தது. அப்போது இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது. பாடத்தைத் தப்பாக நடத்தி எனக்குப் பழக்கமில்லை. மீதி இருபது நிமிஷமும் போன பிறகுதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.