கவர்னருக்கு ஒரு பூசை

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள். வடமதுரை பஸ் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கிளம்பாமல் நின்றிருந்தது. மடியில் மெழுகுவர்த்திப் பொட்டலம் வைத்திருந்த வாத்தியார் ஒருவர், பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்த விவசாயியிடம் சொன்னார்:

"உசுரோட இருக்குற மனுசனுக்குப் பன்னெண்டு வருசமா திவசம் குடுத்திருக்கேண்ணே."

"அடப்பாவமே! யாருக்கு சார்?"

"ஒரு வெள்ளைக்காரருக்கு. பர்மா சண்டையில குண்டடிபட்ட எங்கப்பாவத் தோள்ல தூக்கிட்டு வந்த ஆபீசரு. அவரு இல்லேன்னா நானே இல்ல. பெறகு ஏதோ தீவுக்கு கவர்னராப் போனாரு. கப்பல் வந்தாத்தான் அங்க தபாலாம். அப்பயும் வருசம் தவறாம கிறிஸ்மஸ் கார்டு போடுவாரு. அப்பா போன பெறகும் எனக்கு வந்துச்சு. திடீர்னு நின்னுபோச்சு. செத்துட்டாருன்னு நெனச்சு, அப்பா பேரோட அவரு பேரையும் சேத்து ஆத்துமப் பூசை குடுத்துட்டு வாரேன்."

"உசுரோட இருக்காருன்னு எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

"வீடு மாறயில நம்ம விலாசத்தத் தொலச்சுட்டாராம். மே மாசம் ஒரு பழைய டயரியில கெடைக்கவும் லெட்டர் போட்டாரு. வயசு எம்பது. பூசை குடுத்த விசயத்த மறைக்காம எழுதி, மன்னிப்புக் கேட்டேன்."

"கோவிச்சுக்கிட்டாரா?"

"'ரொம்ப நன்றி, அதுதான் என்னைய இம்புட்டு நாள் தாங்கியிருக்கு'ன்னு பதில் போட்டிருக்காரு. நாளைக்குப் பூசையில அவரு பேர அவரு சொகத்துக்குன்னு மாத்தி வாசிக்கச் சொல்லணும், சாமியார்ட்ட."

விவசாயி பதறிப்போனார்.

"மாத்திராதீங்க சார்! செத்தவருன்னே வாசிக்கட்டும். அந்த மகராசன் நூறு வயசு இருக்கட்டும்."