ஒன்பது மணிச் சொட்டு

“ஹலோ... ஹலோ, இஞ்சருங்கோ, எங்க நிக்கிறியள்? ... நான்தான், வேற ஆர் எடுக்கிறது? ... பின்னால என்ன உறுமுது? ... என்ன சத்தமெண்டு கேக்கிறன்.”

கண் வார்டின் பன்னிரண்டாம் கட்டிலில் ஆளில்லை. காலையில் கௌசலா முகம் கழுவப் போன இடைவெளியில், அவளுடைய மனிசன் பிரதாபன் சாரத்தை மாற்றிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு பஸ் ஏறிவிட்டான். நேர்ஸ்மார் மலசலகூடம் வரைக்கும் தேடியாயிற்று. கண்ணுக்கு விடும் ஏழு மணிச் சொட்டும் எட்டு மணிச் சொட்டும் தவறிவிட்டன. பதினோராவது தடவை அடித்த பிறகுதான் அவன் துரைமாதிரிப் போனைத் தூக்கியிருக்கிறான்.

“... வயலிலயோ. ஜெயபுரம் போய்ச் சேந்திட்டியள். ... ஓம், ஓம், மெசின் வந்திட்டுது, கேக்குது, என்ர காது நல்லாத்தான் இருக்கு. ... அதுக்கு? நெல்லு வெட்டுற மெசின் முறை வந்தா வார்டிலயிருந்து களவா ஓடுறதோ? ... ஆரிட்டச் சொன்னனீங்கள்? பக்கத்துக் கட்டில் ஐயாவிட்ட, பல்லு மினுக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கிறியள்.

“... முறை விட்டா இனிப் பத்து நாளோ. மழை வந்தா நெல்லுப் படுத்திடுமோ. படுக்கட்டும். ... எனக்கும் தெரியும், அது எங்கட வருசச் சாப்பாடு. நானும்தானே முழங்கால் சேத்துக்குள்ள நிண்டு களை பிடுங்கினனான். நெல்லு அடுத்த போகத்துக்கும் முளைக்கும். கண் முளைக்குமோ?

“... நோகேல்லையோ. நோகாட்டி மாறியிட்டுதெண்டு ஆர் சொன்னது? ... நேற்று டொக்டர் மிஸ் சொல்லேக்க நீங்கள் தலையாட்டினீங்கள், நான் காது குடுத்துக் கேட்டனான். கண்ணுக்குள்ள இருக்கிறது பங்கஸ், பூஞ்சணம். முதல் மருந்து எட்டு நாள் விட்டும் அது சாகேல்லை. சுரண்டி எடுத்துச் சோதிச்சா, அந்த மருந்துக்கு அடங்காத சாதியாம். இப்ப விடுறது ரெண்டாவது. இதுக்கும் கேக்காட்டிக் கத்திதான் எண்டவா. மணிக்கொருக்கா விடவேணும், இடையில விட்டா அது திருப்பி எழும்பும் எண்டு சொன்னவாவோ, இல்லையோ? ... பின்ன?

“... ஓம், அதையும் கதைப்பம். வயலில பங்கசுக்கு மருந்து அடிக்கேக்க ஒரு மூடி போடச் சொன்னா நீங்கள் மூண்டு மூடி. அப்பதான் சரியாக் கேக்கும் எண்டு எனக்குப் படிப்பிச்சனீங்கள். டொக்டர் மிஸ் அந்தப் போத்திலின்ர பேரைக் கேட்டவாவெல்லே? வயலுக்கு அடிச்சதும் கண்ணுக்கு முதல் விட்டதும் ஒரே குடும்பத்து மருந்தாம். அங்க அந்த மருந்தைக் குடிச்சுக் குடிச்சுப் பழகின பங்கஸ்தான் இஞ்ச வந்து குடியிருக்குதோ தெரியாது எண்டவா. ... எனக்கு விளங்கேல்லையோ? எனக்கு விளங்கினது. உங்களுக்குத்தான்...”

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ ஒரு சொல் வந்தது. கௌசலா வெறுங்கட்டிலின் விளிம்பில் குந்தினாள்.

“... திருப்பிச் சொல்லுங்கோ. ... ஓம். நான்தான் விட்டனான். பக்கத்து வயல் வெட்டேக்க நெல்லுச் சுணை பட்டுக் கண் சிவந்து வந்தனீங்கள். மாமாவுக்குக் கண் ஒப்பரேசன் செய்யேக்க குடுத்த சொட்டு, அலுமாரிக்குள்ள மிச்சம் இருந்தது. என்ர கையால நான்தான் விட்டனான். சிவப்புக் குறையுது எண்டு சந்தோசப்பட்டு நாலு நாள் விட்டனான். அந்தச் சொட்டு சிவப்பை மட்டும் அடக்கிப் பங்கசுக்குச் சோறு போட்ட மாதிரி எண்டு டொக்டர் மிஸ் சொல்லேக்க, நீங்கள் என்னைப் பாக்கேல்லை. நிலத்தைப் பாத்தீங்கள். அதுக்குப் பதிலா என்னை நாலு அடி அடிச்சிருக்கலாம். ... ஏசுங்கோ. சாகுமட்டும் ஏசுங்கோ. இந்தக் கட்டில்ல வந்து கிடந்துகொண்டு ஏசுங்கோ.”

பக்கத்துக் கட்டில் ஐயா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கௌசலா குரலைத் தணிக்கவில்லை. ஊர் கேட்டால் கேட்கட்டும்.

“... என்ன? தெரியுதோ? வலக்கண்ணாலயோ? ... வடிவாத் தெரியுது. சரி. உங்கட தங்கச்சி கஜனி அங்கதானே நிக்கிறாள், தேத்தண்ணி கொண்டு வந்து? ... போனைச் சத்தமாப் போடுங்கோ. ... கஜனி, கேக்குதோ? அண்ணைக்கு முன்னால போய் நில். கிட்டத்தான், ரெண்டடி. ... நீங்கள் கண்ணாடியைக் கழட்டுங்கோ. நல்ல கண்ணை உள்ளங்கையால பொத்துங்கோ. ... பகிடி விடேல்லை, பொத்துங்கோ. ... பொத்தியாச்சோ. கஜனி, கையைத் தூக்கி விரலைக் காட்டு. ... சொல்லுங்கோ, எத்தினை? ... மூண்டோ. ... வடிவாச் சொல்லுங்கோ. ... மூண்டு. சரி.

“கஜனி, நீ எத்தினை காட்டினனீ? ... கஜனி? ... அழாமச் சொல்லு பிள்ளை. ... என்ன? ... கேத்திலைக் கீழ வைக்க முதலே சொல்லிப்போட்டாரோ. ... நீ கையைத் தூக்கவேயில்லையோ.”

இவ்வளவு நேரமும் சண்டை பிடிக்க அவளுக்கு ஒரு ஆள் இருந்தான். போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“... இருக்கிறியளோ? ... ஒண்டும் சொல்ல வேண்டாம். ... கோவம்தான். கோவமில்லாம? ... கஜனி, மெசினை மறிக்காத. நீ நிண்டு வெட்டுவி. அண்ணையை ஆரையும் கொண்டு மோட்டச்சைக்கிளில ஏத்தி அனுப்பு. கண்ணாடியைப் போட்டு விடு, அந்தத் தூசுக்குள்ள இனி நிக்க விடாத. ... இஞ்சருங்கோ. நான் ஆஸ்பத்திரிக் கேற்றடியில நிப்பன். இப்பவே வெளிக்கிட்டா... ஹலோ? ... ஹலோ?”

தொடர்பு அறுந்துவிட்டது. திரும்ப அடிக்க அவள் எண்ணைத் தேடுகையில் அதே போன் கீச்சிட்டது. மணிக்கொரு தடவை அடிக்கும்படி அவளே வைத்த அலாரம். ஒன்பது மணி.

பழக்கத்தில் ஐஸ் பிளாஸ்க்கைத் திறந்து, மருந்துப் போத்திலை எடுத்து, மூடியைக் கழற்றித் தலையணைப் பக்கம் குனிந்தாள். பிறகு மூடியைத் திரும்பப் பூட்டினாள்.