கியூபா விருந்தாளி

கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். எனக்கு முன்னால் நின்ற பெண் ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறவள். அவள் பேச்சுக்குக் காது கொடுத்தவர் சாலை பஜார் கடைகளில் சுமை இறக்கும் நீலச்சட்டைக்காரர்.

“எங்க ஹோட்டல்ல ஒரு கியூபாக்காரர் வந்திருக்காரு அண்ணே. அங்க தெனமும் கரண்ட் போவுமாம், இங்க எத்தனை மணிக்குப் போவும்னு கேக்காரு.”

“கியூபாவா? நாளைக்கு யூனியன் கூட்டத்துக்குக் கூட்டிட்டு வா மக்கா. அங்கத்த ஆட்சியைப் பத்திப் பேசட்டும்.”

“அவரு அம்மைக்குக் காசு வாங்காம ஆபரேஷன் செஞ்சாங்களாம், அதை மறக்க மாட்டாராம். ஆனா கரண்ட் கேட்டுத் தெருவுல கத்துன மகனை ஜெயில்ல போட்டுட்டாங்களாம்.”

“அப்ப ஆட்சி மாறணும்னு சொல்லுதாரா?”

“இங்க சிவப்புக் கட்சி தேர்தல்ல தோத்தா என்ன ஆவும்னு கேட்டாரு. வீட்டுக்குப் போவாங்க, பொறவு திரும்பி வருவாங்கன்னேன். அங்கயும் அப்படி ஒண்ணு வந்தா நல்லதுன்னாரு. சொல்லிட்டு, கதவு சாத்தியிருக்கான்னு எழும்பிப் போய்ப் பாத்தாரு.”

நீலச்சட்டைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“கூட்டத்துல அவரு பேசுனது அங்க தெரிஞ்சா அடி ஜெயில்ல கெடக்க மகனுக்குத்தான், அல்லே?”

“அதான் அண்ணே.”

“அப்ப அப்படி ஒருத்தர் வரவே இல்லைன்னு வச்சுக்கோ. வேற யாருகிட்டயும் சொல்லாத.”

சொல்லிவிட்டு அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். நான் பஸ் போர்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.