முதலில் பின்னால் இழுக்க வேண்டும்

கசார்வாடியில் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். புனே பஸ்ஸில் யாருக்குத் தமிழ் தெரியப்போகிறது என்ற தைரியத்தில் அந்த அம்மாள் சத்தமாகவே ஆரம்பித்தாள்.

“துப்பாக்கி கிளாஸ்ல மூணு தடவை ட்ரிக்கரை அமுக்கினீங்க. ஒண்ணுமே வெடிக்கல. கோச் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுச் சிரிக்கிறான்.”

“அந்த ரிவால்வர் அப்படித்தாண்டி. பின்னாடி ஒரு கொக்கி இருக்குல்ல, ஒவ்வொரு குண்டுக்கும் அதைக் கட்டைவிரலால இழுத்து வச்சாதான் சுடும். அதான் விலை கம்மி. லைசென்ஸ் வந்ததும் அதையே வாங்கிடலாம்.”

“எதுக்கு? நம்ம வீட்ல திருட என்ன இருக்கு?”

“ஒரு பாதுகாப்புக்குத்தான். வயசான ரெண்டு பேர் தனியா இருக்கோம்.”

“ஏன் தனியா இருக்கோம்?”

அவர் டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“நம்ம பொண்ணு, கட்டிக்கிறேன்னு அந்த மராத்திப் பையனைக் கூட்டிட்டு வந்து நின்னா. உக்காருன்னுகூட நான் சொல்லல, அதுக்குள்ள, ‘எனக்குப் பொண்ணே இல்ல, செத்துட்டா’ன்னு சொல்லிட்டீங்க. வாசல்லயே திரும்பிப் போயிட்டா.”

“மெதுவாப் பேசு. பஸ்ல ஆளுங்க இருக்காங்க.”

“இருக்கட்டும். யாருக்குப் புரியப்போகுது?”

அந்த நேரம் பார்த்து என் வீட்டிலிருந்து போன் வந்தது. எடுத்தால் தமிழில் பேச வேண்டும். எடுக்காமல் அணைத்தேன்.

வாகட் நெருங்கியதும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“அந்த மலிவுத் துப்பாக்கிகூட, சுடறதுக்கு முன்னாடி யோசிக்கக் கொஞ்சம் நேரம் குடுக்குதுங்க.”