இலையின் அடிப்பக்கம்

மாவுப்பூச்சியை முதன்முதலில் பார்க்கிறவர்கள், ஏதோ பஞ்சு ஒட்டியிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். ஊதிப் பார்ப்பார்கள். போகாது. இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடுக்கில், கை எட்டாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும். நகர்வதே தெரியாது. சாற்றையெல்லாம் உறிஞ்சி, இலை பழுத்து உதிரும்போதுதான் வீட்டுக்காரர்களுக்கு உறைக்கும். அதனால் நான் எந்த இலையையும் திருப்பித்தான் பார்ப்பேன். மேல்பக்கம் பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

மேசைமேல் வைத்திருக்கிற டப்பாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் டப்பாவிலிருந்து ஆரம்பித்தால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். முதலில் எங்கள் வீட்டைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது மாடி. ஒரு கூடம், இரண்டு அறை, சமையலறை. ஜன்னல் திட்டு, அலமாரியின் தலை, குளியலறை மூலை என்று எங்கே பார்த்தாலும் செடிகள். எல்லாம் அம்மா வைத்தவை. அம்மா போனபோது சின்னவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நான் அப்போதே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். லென்ஸை அளவுக்கு அறுத்து, விளிம்பு தேய்த்து, ஃப்ரேமில் பொருத்துகிற வேலை, இன்றைக்கும் அதுதான். தங்கையை நான்தான் வளர்த்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு ஆள் இல்லை.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. தூசி ஆகாது, புகை ஆகாது, பெயின்ட் வாசனை ஆகாது. மூச்சு வாங்க ஆரம்பித்தால் "அக்கா" என்று கூப்பிடுவாள். பாதிதான் வெளியே வரும். நான் இன்ஹேலரோடு போய் நிற்பேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஒரு இன்ஹேலர் அவள் தலைமாட்டில் இருக்கும், இன்னொன்று என் கைப்பையில். "என் நுரையீரல் எங்கக்கா பையில இருக்கு" என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும்.

எங்கள் கட்டடத்து லிஃப்ட் அடிக்கடி பாதி வழியில் நின்றுவிடும். அதைப் பழுது பார்க்க வந்தவர்தான் அந்த மெக்கானிக். நல்ல மனிதர், அதை நான் மறுக்கவில்லை. முதலில் தண்ணீர் கேட்டு வந்தார். பிறகு டீ குடிக்க வந்தார். பிறகு எதுவும் கேட்காமலே வந்தார். லிஃப்ட் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நாட்களிலும் அவர் வந்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

சின்னவள் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் வீடு ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிறது, பஸ்ஸில் வந்துபோகிற தூரம்தான், வாரம் தவறாமல் வந்துவிடுவேன் என்றாள். அம்மாவின் செடிகளில் பாதியைத் தான் கொண்டுபோவதாகவும் சொன்னாள். நான் சந்தோஷம் என்றேன். கல்யாணத்துக்குத் தேதியும் குறித்தார்கள்.

அடுத்த முறை அவர் வந்தபோது கையில் ஒரு மணி பிளான்ட் தொட்டி இருந்தது. தெருவோரக் கடையில் வாங்கியிருக்கிறார். வெறுங்கையோடு வரக் கூடாது என்று நினைத்திருப்பார், பாவம். அவர் போன பிறகு இலையைத் திருப்பிப் பார்த்தேன். காம்படியில் ஒரு வெள்ளைத் துணுக்கு. கடை உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். கால்கள் அசைந்தன.

பஞ்சில் சோப்புத் தண்ணீர் தொட்டு ஒரே இழுப்பில் துடைத்திருக்கலாம். எந்தப் புதுச் செடி வந்தாலும் மற்றவற்றோடு சேர்க்காமல் கொஞ்ச நாள் தனியே வைப்பதும் என் வழக்கம். அன்றைக்கு அந்தத் தொட்டியைக் கூடத்து ஜன்னலில், எல்லாச் செடிகளுக்கும் நடுவில் வைத்தேன். மறந்துபோய் வைத்தேனா என்று உங்கள் பக்கத்தில் நிற்கிற இந்தப் பெண் போலீஸ் கேட்கிறார். இல்லை, வைத்தேன்.

இலைகள் பிசுபிசுக்க ஆரம்பித்தன. சின்னவள் பதறிப்போனாள். அம்மாவின் செடிகள் அல்லவா. அதுவரை வேலையிலிருந்து வந்ததும் போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போகிறவள், இப்போது என்னோடு கூடத்துத் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தாள். நடுவில் சோப்புத் தண்ணீர் வாளி, பஞ்சு, பழைய பல் துலக்கும் பிரஷ். அவள் இலையைப் பிடித்துக்கொள்வாள், நான் துடைப்பேன். "அங்க ஊசி, இங்க பூச்சி. என் தலையெழுத்தைப் பாருக்கா" என்பாள். ஊசியைக் கண்டதும் மயங்கி விழுகிற பெரிய மீசைக்காரர்களைப் பற்றிச் சொல்வாள். இருவரும் சிரிப்போம். அவள் அப்படி என்னோடு உட்கார்ந்து வருஷக் கணக்காகியிருந்தது.

கல்யாணத்தைத் தள்ளிப்போட்டது அவள்தான். பூச்சி பிடித்த செடிகளை உன் ஒருத்தி தலையில் கட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை என்றாள். நான் கேட்கவில்லை. இதைக் கொஞ்சம் அழுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் மாவுப்பூச்சி ஒழிக்க முடியாத பூச்சி இல்லை. விடாமல் துடைத்தால் போய்விடும். நாங்கள் துடைத்த துடைப்பில் போயும்விட்டது. ஒரு சாயங்காலம் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, முடிந்தது என்று கையைத் தட்டினாள். அன்றைக்கே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போனில் அவள் சிரிக்கிற சத்தம் கூடம்வரை கேட்டது. வாளியை நான் ஒருத்தியே கழுவி வைத்தேன்.

இப்போது டப்பாவுக்கு வரலாம். அதில் இருப்பது முளைவிட்ட உருளைக்கிழங்கு. முளைகளில் வெள்ளையாக இருப்பது பூஞ்சணம் இல்லை, நீங்கள் நினைத்தது சரிதான். பூச்சி ஒழிவதற்கு முன்னாலேயே கொஞ்சத்தை எடுத்து அதில் விட்டிருந்தேன். இருட்டும், மூடியில் நாலு ஓட்டையும் இருந்தால் போதும், தானாகப் பெருகும். சமையலறைப் பரண்மேல் வைத்திருந்தேன். தூசிக்குப் பயந்து அவள் அங்கே ஏற மாட்டாள். லென்ஸ் துடைக்கிற மெல்லிய பிரஷின் நுனியில் எடுத்து, செடிக்குச் செடி வைத்தேன். உங்கள் முகம் சுளிக்கிறது. எங்கள் கடைக்கு வந்து பாருங்கள், அதைவிட நுணுக்கமான வேலையெல்லாம் தினமும் செய்கிறேன்.

மெக்கானிக் வந்துபோன மறுநாள்தான் வைப்பேன். அவரை நான் ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை. "நேத்து தம்பி எந்தச் செடிகிட்ட உட்கார்ந்திருந்தாரு?" என்று மட்டும் அவளிடம் கேட்பேன். கேள்வி கேட்பது குற்றமென்றால் உங்கள் பாடும் கஷ்டம்தான்.

மற்றதை அவளே செய்தாள். அவர் பையை வாசலிலேயே வைக்கச் சொன்னாள். சட்டைக் கையை உதறிவிட்டு வரச் சொன்னாள். அவர் ஜன்னல் பக்கம் நகர்ந்தால் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். அந்த மனிதரும் எவ்வளவு நாள் பொறுப்பார். ஒரு நாள் டீயைக் கீழே வைத்துவிட்டு, "என் வீட்டுல ஒரு செடிகூடக் கிடையாது. நான் எங்கேருந்து பூச்சி கொண்டுவருவேன்?" என்றார். பேசியது அவளிடம்; பார்த்தது என்னை. பழுது எங்கே இருக்கிறது என்று தேடுவதுதானே அவர் பிழைப்பு.

அதற்கப்புறம் அவர் ஒரு காரியம் செய்தார். நான் கடையில் இருந்த நேரமாகப் பார்த்து வந்து, வாசற்படியைத் தாண்டாமல், இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டபடி அவளோடு பேசிவிட்டுப் போயிருக்கிறார். வந்துபோனார் என்று மட்டும் அவள் என்னிடம் சொன்னாள். உள்ளே வரவில்லை என்பதைச் சொல்லவில்லை. நான் வழக்கம்போல மறுநாள் வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவள் இலையைத் திருப்பினாள். வெகு நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். "அப்ப அவர் இல்லக்கா" என்றாள். பிறகு என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கழித்து, "மண்ணுலயே இருக்கும்போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்துபோனாள். வாளியில் கை நனைக்கவில்லை.

அந்த வாரமே இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். அவர் எங்கிருந்தோ வயலுக்கு அடிக்கிற மருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "செடியையெல்லாம் மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போய் அடிங்கக்கா, நானே தூக்கித் தரேன். வீட்டுக்குள்ள மட்டும் வேணாம். அவளுக்கு மூச்சு தாங்காது" என்றார். அவளுடைய மூச்சைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தார். நான் சரி தம்பி என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

சின்னவள் பெட்டி அடுக்க ஆரம்பித்தாள். செடிகளில் எதையெல்லாம் எடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டேன். "எதுவும் வேணாம்க்கா. எல்லாத்தையும் நீயே வச்சுக்கோ" என்றாள். துணியை மடித்துக்கொண்டே சொன்னாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதற்கு மேல் சொல்வதைத்தான் நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அவளுக்கு அன்றைக்கு விடுமுறை. நான் கடைக்குப் போகவில்லை. அவள் குளிக்கப் போனபோது அவள் அறையிலிருந்த செடிகளுக்கு மருந்தடித்தேன். இலையில் மட்டும் அடித்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்; திரையிலும் அடித்தேன். ஜன்னலைச் சாத்தினேன். என்ன வாசனை என்று கேட்டாள். தரை துடைத்தேன் என்றேன். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். தூங்கியதும் தலைமாட்டிலிருந்த இன்ஹேலரை எடுத்து என் பையில் போட்டேன். அதைக் கழுவ வேண்டியிருந்தது. கதவை நான் பூட்டவில்லை. வெளியே ஒரு நாற்காலியைச் சாய்த்து வைத்தேன், காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க. ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும்போது காற்று எங்கிருந்து வந்தது என்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். இருமல் கேட்டது. பிறகு கூப்பிட்டாள். இளைப்பு எந்த அளவுக்குப் போகும், எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியாதா. அம்மா இறந்த வருஷம் சின்னவளுக்கு அப்படித்தான் ஒரு தடவை முற்றிப்போய், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மாதக்கணக்கில் என் மடியிலேயே கிடந்தாள். அந்த அளவு போதும் என்று நினைத்தேன். சாதாரண மூச்சு வாங்கலுக்கெல்லாம் யாரும் கல்யாணத்தை நிறுத்த மாட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் என்று உட்கார்ந்திருந்தேன். கதவில் கை படுகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

பேச முடியாமலே அவருக்குப் போன் போட்டிருக்கிறாள். மூச்சுச் சத்தத்தைக் கேட்டே அவருக்குப் புரிந்திருக்கிறது. பக்கத்துத் தெருவில் வேலையாக இருந்தாராம். மணி அடித்ததும் நான்தான் திறந்தேன். அவர் என்னைத் தாண்டி நேரே அவள் அறைக்குப் போனார். நாற்காலியைத் தள்ளிவிட்டு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு படியிலேயே இறங்கி ஓடினார்.

மருந்து யார் வாங்கியது என்று உங்கள் ஆட்கள் கேட்டார்கள். அவர் என்றேன். அது உண்மை. நீங்கள் அவரைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். நான் பொய் சொல்லவில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். இப்போது முழுவதையும் கேட்டுவிட்டீர்கள். பூச்சியை வளர்த்தது நான். மருந்தடித்தது நான். மூச்சுத் திணறுகிறது என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தது நான். அவரை விட்டுவிடுங்கள், அவருக்கு லிஃப்ட் வேலை தவிர ஒன்றும் தெரியாது.

அவள் கண் விழித்துவிட்டாள் என்று காலையில் சொன்னீர்கள். இனிமேல் பழையபடி மாடி ஏற முடியாது, கூடவே ஒருவர் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னீர்கள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். கூட இருக்க நான் இருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்ன தேடினீர்களோ தெரியாது. அவளைப் பார்த்துக்கொள்வது லேசான காரியம் இல்லை. எந்தப் பக்கம் தலையணை வைக்க வேண்டும், வெந்நீர் எவ்வளவு சூடு என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. வேறு யாருக்கும் கைவராது.

அக்காவைக் கூட்டிவரட்டுமா என்று நர்ஸ் கேட்டபோது அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். இதை என்னிடம் சொல்லத் தயங்கினீர்கள். தயங்க வேண்டியதே இல்லை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வெளிச்சம் கூசும். படுக்கையை ஜன்னல் பக்கம் போட்டிருப்பார்கள். திரையை இழுத்துவிடச் சொல்லுங்கள்.