பாய்மரம் ஒரு சாண் பின்னால்

எண்ணூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ராயபுரத்து மீனவர்கள் இருவர், ஞாயிற்றுக்கிழமைக் கட்டுமரப் பந்தயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தனியா தானே கடலுக்குப் போற? பாய்மரத்த இன்னாத்துக்கு ரெண்டு ஆளுக்கு நட்றாப்ல பின்னால நட்டுகீற மாமு?"

"முன்னால நட்டா கட்டுமரம் காத்தோட திரும்பிக்கினு போவுது. பின்பக்கம் தாழ்ந்தே கீது. என் தம்பி கடல்ல செத்ததுலேர்ந்து இப்படித்தான். அவன் குந்துற எடம் அது."

"பக்கவாட்டுல தண்ணில எறக்குற பலகைய மாத்திப் பாத்தியா?"

"பெருசு, சிறுசு, எல்லாம் பாத்துட்டேன். ரெண்டு ஆளுக்கு நட்டாத்தான் பறக்குது."

நான் காலடிப்பேட்டையில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

"ஞாயித்துக்கெழம உன்கூட நானும் ஏர்றேனே மாமு."

"அதான் பேஜாரு. மூணு பேருக்கு எங்க நட்றதுன்னு தெரியல."