சர்வருக்கு லீவு

முதலிபாளையம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்: “எங்க ஊட்டு சர்வருக்கு நேத்து லீவுங்க.”

“ஓட்டல் வச்சிருக்கீங்களா?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“இல்லீங்க, சின்ன கம்ப்யூட்டர் பொட்டிங்க. ஊட்டு போட்டோ, பாட்டு, வாசக் கேமரா எல்லாம் அதுலதான் ஓடுது. ஆயுத பூஜைக்குக் கம்பெனில மிஷின நிறுத்தறாப்பல, சம்சாரம் அதையும் ஆப் பண்ணிப் பொட்டு வச்சிருச்சுங்க.”

“அப்புறம்?”

“ஊட்ல ஒண்ணுமே ஓடலீங்க. இன்னொரு பொட்டி வாங்கோணும்னு நான் கேட்டப்பெல்லாம் சம்சாரம் முறைச்சுட்டு இருந்துச்சு. இப்ப, ‘இத்தன வேலையும் இது ஒண்டியாவா பாக்குது? பாவம், இன்னொரு ஆளச் சேருங்க’ன்னு அதுவே சொல்லுதுங்க.”